வாடும் பொருளில் நிறுவல் கலை: சிங்கப்பூர் ஈரத்தில் செய்யும் முறை

பூ, இலை, பழத்தோல், சுடாத களிமண், உப்பு என்று கெட்டுப்போகிற பொருளை வைத்து ஓர் அறையை நிரப்பி, அந்த இடத்தையே படைப்பாக்க (அதுதான் நிறுவல் கலை) ஆசைப்படுகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது ‘எதை வைத்துச் செய்தால் நன்றாக இருக்கும்’ என்பதைத்தான். அதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: அந்தப் பொருளை எது கெடுக்கப் போகிறது? ஈரமா, வெளிச்சமா, பூஞ்சணமா, எறும்பா, இல்லை அதன் சொந்தக் கனமா? இதில் ஒன்றை, மிஞ்சிப்போனால் இரண்டை, உள்ளே விடுங்கள். மற்றதற்குக் கதவைச் சாத்துங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிட்டால் சில நாளில் துப்புரவு ஊழியர் வந்து மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்விடுவார், அவர்மேல் குறை சொல்லவும் முடியாது.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல முன்னோடி உண்டு. 1979-இல் சிங்கப்பூர்க் கலைஞர் டாங் டா வூ ஆங் மோ கியோ வட்டாரத்தில், மழை அரித்த மண்பள்ளங்களுக்குக் குறுக்கே பெரிய துணிகளைத் தொங்கவிட்டு அப்படியே விட்டுவிட்டார். மழையும் சேறும் வெயிலும் துணியில் விட்டுப்போன கறைதான் படைப்பு. அவை 1980-இல் கண்காட்சிக்கும் வந்தன. பொருளையும் அதைக் கெடுப்பதையும் எவ்வளவு சரியாகச் சேர்த்திருக்கிறார் பாருங்கள். துணி கறையை வாங்கிக்கொள்ளும், ஆனால் சட்டென்று மக்கிப்போகாது. காகிதத்தை அங்கே கட்டியிருந்தால் முதல் மழையிலேயே கதை முடிந்திருக்கும்.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பாதி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. ‘காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும்’ என்பார்கள். இங்கே அதிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். ஏறத்தாழ 65, 70 விழுக்காட்டுக்கு மேல் நீண்ட நேரம் இருந்தாலே பூஞ்சணத்துக்குப் போதும். ஆகவே அவர்கள் சொல்வதை அப்படியே செய்தால் காய்வதற்கு முன்னாலேயே பூஞ்சணம் பூத்துவிடும். டிசம்பர், ஜனவரி மழையில் கேட்கவே வேண்டாம்.

ஏர்கான் உள்ள கூடம்தானே என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. பல இடங்களில் இரவில் ஏர்கானை அணைத்துவிடுவார்கள். பகலில் மொறுமொறுவென்று இருந்த இலை விடிகாலையில் நமுத்த அப்பளமாகத் தொங்கும், மறுபடி பத்து மணிக்குக் காயத் தொடங்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் இலையை நரம்போரமாகக் கிழிக்கும். இடத்தைப் பேசி முடிக்கும்போது வாடகைக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி: இரவில் ஏர்கான் ஓடுமா? சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி ஓரிரு நாள் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கும் வகையாக இருக்கட்டும்.

பொருள் எங்கே கிடைக்கும்

பூவுக்குத் தேக்காதான், அதாவது லிட்டில் இந்தியா. பஃபலோ ரோடு, கேம்பல் லேன் பூக்கடைகளில் உதிரிப்பூ மொத்தமாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் எடுத்துவைப்பார்கள். வெள்ளிக்கிழமை காலையிலும் தைப்பூசம், தீபாவளி நெருங்கும்போதும் போய்ப் பேரம் பேசாதீர்கள், விலையும் ஏறியிருக்கும், பேச அவர்களுக்கு நேரமும் இருக்காது. கடை மூடும் நேரத்தில் மிஞ்சிய பூ மலிவாகக் கிடைக்கலாம். நாம் செய்யப்போவது வாடும் வேலைதானே, இன்றைய பூவா நேற்றைய பூவா என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஆனால் எத்தனை நாளைய பூ என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஒவ்வொரு பூவும் சாகும் விதம் வேறு. மல்லிகை மறுநாளே விளிம்பு பழுப்பாகிச் சுருண்டுவிடும், மணமும் இனிப்பிலிருந்து புளிப்புக்கு மாறும். ரோஜா இதழை உதிர்த்துப் போட்டால் காகிதமாகக் காயும், முழுப்பூவாக விட்டால் நடுவில் ஈரம் தங்கி அழுகும். செண்டுமல்லியில் இதழ் அழகாக நிறம் காத்து நிற்கும், ஆனால் அடியில் இருக்கும் தடித்த பச்சைக் குப்பி ஈரத்தை விடாது, பூஞ்சணம் எப்போதும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். வாடாமல்லி பெயருக்கு ஏற்றாற்போல மாதக்கணக்கில் நிறம் மாறாமல் கிடக்கும். கடையில் கிடைக்காவிட்டால் தொட்டியிலேயே வளர்க்கலாம். மல்லிகையையும் வாடாமல்லியையும் ஒரே சரத்தில் மாற்றி மாற்றிக் கோத்தால் ஒரு வாரத்தில் வெள்ளை எல்லாம் பழுப்பாகிச் சுருங்கி, ஊதா மட்டும் அப்படியே நிற்கும். இந்த ஒரு சரம் சொல்வதை நான்கு பத்தி சுவர்க்குறிப்பு சொல்லாது. (நிலையாமை பற்றி எழுதி ஒட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: வேண்டாமே.)

கோயிலில் சாத்திய மாலையை எடுத்துப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். கோயிலில் கேளுங்கள், எதற்கு, எங்கே தொங்கப்போகிறது என்று முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். சரி என்றால் எடுங்கள். ஆனாலும் அதைக் காலில் மிதிபடும் இடத்தில் போடவேண்டாம் என்பது என் கருத்து. பார்க்க வருகிறவர்களில் நம் வீட்டுப் பெரியவர்களும் இருப்பார்கள், அவர்கள் மனம் புண்பட்டால் அப்புறம் படைப்பைப் பற்றிப் பேச்சே இருக்காது.

இலைக்கு எனக்குப் பிடித்தது கெதப்பாங் மரம், தமிழ்நாட்டில் நாட்டு வாதுமை என்பார்கள். பெரிய இலை, உதிரும் முன் ஆரஞ்சும் சிவப்புமாக மாறும், பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை கொட்டும். வண்ணமீன் வளர்க்கிறவர்கள் தொட்டியில் போடுவதற்காக வாங்குவது இதைத்தான், மீன்கடைகளில் காய்ந்த இலை கட்டாக விற்கும். கண்ட இடத்தில் பொறுக்காதீர்கள் என்பதற்காகத்தான் கடையைச் சொல்கிறேன். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் செடிகொடியைப் பறிப்பதும் சேகரிப்பதும் குற்றம். வனப்பகுதியில் அபராதம் 50,000 வெள்ளி வரை போகலாம், சிறையும் உண்டு. தனியார் வீட்டுத் தோட்டம், தெரிந்தவர் பராமரிக்கும் சமூகத் தோட்டம் என்று கேட்டு வாங்குங்கள். கிளை வெட்டும் நாளில் கேட்டால் சந்தோஷமாகவே கொடுப்பார்கள்.

உள்ளே கொண்டுவரும் முன்

எதைக் கொண்டுவந்தாலும் பூச்சியைக் கொண்டுவராதீர்கள். காய்ந்த இலை, சருகு, விதை, குச்சி இவற்றை பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி வீட்டு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் இருந்தால் முட்டையும் புழுவும் போய்விடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். முழுதாக அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் நம் காற்றின் ஈரம் எல்லாம் குளிர்ந்த இலைமேல் முத்து முத்தாக இறங்கிவிடும், நீங்கள் பட்ட பாடு வீண். வீட்டில் அம்மாவோ மனைவியோ மீன் வைக்கும் தட்டில் இடம் கேட்பது உங்கள் சாமர்த்தியம்.

இலை உடையாமல் வளைந்து கொடுக்கவேண்டும் என்றால் கிளிசரின். பச்சைக் கிளையாக இருந்தால் ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு வெந்நீர் கலந்து, காம்பின் நுனியை நசுக்கி அதில் நிற்கவையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் இலை தண்ணீருக்குப் பதில் கிளிசரினை உறிஞ்சிக்கொள்ளும், நிறம் கருக்கும், தொட்டால் தோல்போல இருக்கும். உதிர்ந்த இலை தானாக உறிஞ்சாது. ஆகவே சரிபாதிக் கலவையில், முழுதும் காய்வதற்கு முன் தட்டையாக மூழ்கவைத்து மேலே ஒரு தட்டை வையுங்கள், சில நாளில் எடுத்துத் துடைக்கலாம். இதில் குளிர்நாட்டுக்காரர்கள் பெரிதாகச் சொல்லாத ஒரு தொல்லை இருக்கிறது. கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஏர்கான் இல்லாத இடத்தில் தொங்கவிட்டால் இலை வியர்க்க ஆரம்பிக்கும், கீழே பிசுபிசுப்பாகச் சொட்டும், தூசியும் வந்து ஒட்டும். அதனால் திறந்த இடத்துக்குக் கிளிசரின் இலை வேண்டாம், மூடிய ஏர்கான் கூடத்துக்கு மட்டும்.

பூவை நிறத்தோடு காயவைக்கச் சிலிக்கா ஜெல் மணிகளில் புதைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் வைக்கலாம். ஈரம் குடித்த மணியை அடுப்பில் குறைந்த சூட்டில் காயவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். வேலை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அறை முழுக்க இப்படிச் செய்தால் செலவு கட்டுப்படியாகாது. கண்மட்டத்தில் வரும் சில பூக்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வார்னிஷ், ஹேர் ஸ்ப்ரே அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அடித்தால் கொஞ்ச நாள் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் வெளியே பூச்சும் உள்ளே ஈரமுமாக இருக்கும் பூ வாடாது, உள்ளுக்குள்ளேயே புழுங்கி அழுகும். காப்பாற்றத்தான் ஆசை என்றால் துணிப்பூ வாங்கிவிடலாமே.

தொங்கவிடுவதில்தான் பாதி வேலை

பூச்சரங்களால் ஒரு திரை செய்யப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலேயிருந்து தரைக்கு இரண்டு மீட்டர் சரங்கள், பக்கம் பக்கமாக. மாலை கட்டுகிறவர்கள் பழக்கப்படி நனைத்த வாழைநாரில் இரண்டு பக்கமும் பூ வைத்துத் தொடுத்தால் முதல் நாள் பிரமாதமாக இருக்கும். பூவின் காம்பு முக்கால்வாசி தண்ணீர்தான், காயும்போது நூலாக மெலிந்துவிடும், முடிச்சு அதே அளவில் நிற்கும், பூ ஒவ்வொன்றாக நழுவி விழும். நார் காயும்போது கொஞ்சம் இறுகும், ஆனால் காம்பு மெலியும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது.

பூ விழுவதுதான் உங்களுக்கு வேண்டும் என்றால் இதுவே சரியான முறை, ஒன்றும் மாற்றாதீர்கள். தினமும் தரையில் வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். விழக்கூடாது என்றால் ஊசியால் பூவின் நடுவில் குத்திக் கோத்துவிடுங்கள். அதிலும் ஒரு சிக்கல் வரும்: பூ சுருங்கச் சுருங்க எல்லாம் சறுக்கிக் கீழே வந்து நெருக்கியடித்து நிற்கும், மேலே ஒரு முழம் வெறும் நூல் தெரியும். நான்கைந்து பூவுக்கு ஒரு முடிச்சு போட்டால் தீர்ந்தது. முடிச்சுகளுக்கு நடுவே மட்டும் இடைவெளி விழும், அது பார்க்கவும் நன்றாகவே இருக்கும். நூல் பருத்தியாக இருக்கட்டும். தூண்டில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது என்று எல்லோரும் அதையே எடுப்பார்கள், ஆனால் அது நனைந்த காம்பை அறுத்துக்கொண்டு போகும், முடிச்சும் நழுவும்.

கொக்கிகளைப் பூ நனைந்திருக்கும்போது உள்ள கனத்துக்குக் கணக்கிடுங்கள், காய்ந்த கனத்துக்கு அல்ல. ஒட்டுக்கொக்கி ஈரச் சுவரில் நிற்காது. தொங்குகூரையின் பலகைகளிலும் கட்டாதீர்கள், கூடத்தில் இருக்கும் உலோகத் தடத்தைக் கேட்டு அதில் கட்டுங்கள். இல்லை, நீங்களே ஒரு மூங்கில் சட்டம் நிறுத்திவிடலாம்.

அப்புறம் எல்லாச் சரத்தையும் ஒரே நாளில் கட்டவேண்டிய அவசியம் கிடையாது. திறப்பு நாளுக்கு ஒரு வாரம் முன்னால் முதல் வரிசை, மறுநாள் அடுத்தது என்று தினம் ஒன்றாகக் கட்டிக்கொண்டே வந்தால் திறப்பன்று ஒரு முனையில் பழுப்பும் மறுமுனையில் புதுப்பூவும் இருக்கும். நடந்து போகிறவர் ஒரு வார காலத்தைச் சில எட்டில் கடந்துவிடுவார். கண்காட்சி முடியும்வரை இப்படியே தொடரலாமா, அல்லது அன்றோடு நிறுத்திவிட்டு எல்லாம் பழுப்பாக விடலாமா என்பதையும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். தொடர்வதாக இருந்தால் தினமும் யார் வருவார்? ஜெர்மன் கலைஞர் வொல்ஃப்காங் லாய்ப் 1975-இலிருந்து செய்துவரும் பால்கல் இதற்கு நல்ல பாடம். மேல்பரப்பை லேசாகக் குழிவாக்கிய வெள்ளைச் சலவைக்கல்லில் பாலை ஊற்றி நிரப்புவார்கள். மாலையில் துடைத்தெடுத்து, மறுநாள் புதிதாக ஊற்றவேண்டும். அதைக் காட்டும் அருங்காட்சியகம் ஆள் போட்டுத் தினமும் இந்த வேலையைச் செய்கிறது. அந்தக் கவனிப்பு இல்லாமல் வெறும் கல்லும் புளித்த பாலும்தான் இருக்கும்.

உப்பு, மஞ்சள், மண்

உப்பு நம் ஊருக்கென்றே அமைந்த பொருள். காற்றில் ஈரம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர்விட ஆரம்பிக்கும், குறைந்தால் மறுபடி படிகமாகும். திறந்த கூடத்தில் கல்லுப்பைக் கோலமாகப் பரப்பினால் இரவில் கசிந்து, பகலில் இறுகி, கோடு கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறும். கீழே கண்ணாடியோ பீங்கானோ இருக்கட்டும். இரும்பு, சிமென்ட் தரை, கூடத்தின் மரத்தளம் எதிலும் நேரடியாகப் போடாதீர்கள், வைப்புத்தொகை திரும்பி வராது.

மஞ்சள்தூள் வெளிச்சத்துக்குத் தாங்காது, சன்னலோரமாக இருந்தால் கண்ணெதிரே வெளுக்கும். ஒரு பாதியை அட்டையால் மறைத்துவைத்துக் கடைசி நாளில் எடுத்துக் காட்டுங்கள். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான், ஈரச் சுண்ணாம்புச் சுவரில் மஞ்சளைப் பூசினால் அங்கங்கே குங்குமம் மலரும். அரிசிமாவு, வெல்லம், கரும்பு எல்லாம் எறும்புக்கு அழைப்பிதழ். எறும்பைத்தான் உள்ளே விட முடிவு செய்திருக்கிறீர்கள் என்றால் மட்டும், அதுவும் பக்கத்துக் கூடத்துக்காரரிடம் சொல்லிவிட்டு. சுடாத களிமண் சொட்டுநீருக்குக் கீழே மிக அழகாகச் சரியும்.

அனுமதியும் பாதுகாப்பும்

தண்ணீர் தேங்கவே கூடாது. 20 காசு நாணயம் அளவு நீர் போதும், ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும், ஒரு வாரத்தில் கொசுவாகிப் பறக்கும். படைப்பில் நீர் இருந்தே ஆகவேண்டும் என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொட்டிப் பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். சுருண்டு காய்ந்த வாழை இலை மழைநீரைக் கிண்ணம்போலப் பிடித்துவைக்கும், வெளியிடத்தில் செய்கிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுவார்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கின் கீழ்த்தளத்தில் செய்யவேண்டும் என்றால் நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். வீட்டு வாசலில் இலை காயப்போடுகிறவர்கள் பொது நடைவழியில் 1.2 மீட்டர் வழி விட்டிருக்கவேண்டும். காய்ந்த இலைக் குவியல் எரிபொருள் என்பதையும் மறக்கவேண்டாம், புகைப்பிடிக்கிறவர் வீட்டுக்கு எதிரே வைக்காதீர்கள்.

நாற்றத்தை அடக்க ரசாயனம் தேடாதீர்கள். தென்கொரியக் கலைஞர் லீ புல் மீன்களைச் சரிகைப்பொட்டு வைத்து அலங்கரித்து அழுகவிடும் படைப்பு ஒன்று செய்தார். 1997-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நாற்றம் தாங்காமல் அதை எடுத்துவிட்டார்கள். 2018-இல் லண்டன் ஹேவர்ட் கலைக்கூடத்துக்கு அது வந்தபோது நாற்றத்துக்கு மருந்தாகப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் சேர்த்திருந்தார்கள். கண்காட்சி திறக்கும் முன் அகற்றும் வேளையில் தீப்பிடித்துக்கொண்டது. மீன், இறைச்சி பக்கமே போகாமல் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. தாவரப் பொருளில் நாற்றம் வருகிறது என்றால் காற்று போதவில்லை என்று பொருள், ஒரு மேசை மின்விசிறி வையுங்கள்.

பூஞ்சணத்தையே காட்டப்போகிறீர்கள் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள், ஓரத்தைச் சிலிக்கோனால் அடைத்துக் காட்டுங்கள். திறந்து வைக்கவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது விளையாட்டில்லை. கையாளும்போது என்95 முகக்கவசம், கையுறை.

எழுதிவைக்க வேண்டியது

எந்த நிலையில் படைப்பு முடிந்துவிட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கூடத்தாரிடம் கொடுங்கள். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது, விழுந்த பூவைப் பெருக்கலாமா கூடாதா, எல்லாம் அதில் இருக்கட்டும். அமெரிக்கக் கலைஞர் ஸோயி லெனார்ட் 1992-க்கும் 1997-க்கும் இடையில் தின்று முடித்த பழங்களின் தோல்களை நூலால் தைத்து முன்னூறு போலச் செய்தார். அவற்றை அழியாமல் நிறுத்தும் முறையை ஒரு பாதுகாப்பு நிபுணர் கண்டுபிடித்துக் கொடுத்தும், வேண்டாம், அழியட்டும் என்று சொல்லிவிட்டார். பிலடெல்பியா கலை அருங்காட்சியகம் அதைத் தெரிந்தேதான் வாங்கியது. பிரிட்டிஷ் கலைஞர் அன்யா கலாச்சோ வழி நேரெதிர். கண்ணாடிக்குப் பின்னால் சுமார் 2,000 ஜெர்பெரா பூக்களை அடுக்கி அழுகவிடும் அவருடைய படைப்பு பிரிட்டனின் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் புதுப்பூ வாங்கிப் புதிதாகவே செய்வார்கள். உங்களுடையது இதில் எந்த வகை என்று நீங்கள் சொல்லாவிட்டால் கூடத்தார் அவர்கள் வசதிக்கு முடிவு செய்துவிடுவார்கள்.

படம் எடுப்பதைத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் முக்காலியை வைத்து, ஒரே விளக்கில் செய்யுங்கள். தரையில் நாடா ஒட்டி இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும்.

கழற்றும் நாளுக்கும் ஆள் வேண்டும், திறப்பு விழாவுக்கு வந்த நண்பர்கள் அன்றைக்கு வரமாட்டார்கள். பூஞ்சணம் பிடித்ததை முதலில் பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள், அப்புறம்தான் மற்றதை அசைக்கவேண்டும். நூல், கம்பி, ஊசி எல்லாம் எடுத்துவிட்டுச் சுத்தமான பூவையும் இலையையும் சமூகத் தோட்டத்தின் மக்கும் குழிக்குக் கேட்டுப் பாருங்கள். கிளிசரின் போட்டதைத் தராதீர்கள். உப்பையும் செடிப்பக்கம் கொண்டுபோகவேண்டாம், வாளித் தண்ணீரில் கரைத்துக் கழிவறையில் ஊற்றிவிடுங்கள்.